பிழை குறைந்தால் போதுமா?

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு மயக்கம் நேருவதுண்டு. ஒருமுறை எங்கள் கல்லூரித் தேர்வில், நிலைமத் திருப்புத்திறன் பற்றிய கணக்கில் மிகச் சிலரே தவறு செய்திருந்தனர். அப்பகுதியை மாணவர்கள் நன்கு கற்றுவிட்டனர் என்று மகிழ்ந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான், அக்கணக்கைத் தொட்டவர்களே மிகச் சிலர் என்பது தெரிந்தது. வேறு வினாவைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்ததால் ஏனையோர் அதை ஒதுக்கிவிட்டனர்.

மொழி கற்பித்தலில் இதே மயக்கத்தைச் சுட்டிக் காட்டியவர் ஜாக்குலின் ஷாக்டர். 1974ஆம் ஆண்டு 'லாங்குவேஜ் லேர்னிங்' என்னும் ஆய்விதழில் அவர் எழுதிய 'பிழை ஆய்வில் ஒரு பிழை' என்ற கட்டுரை புகழ்பெற்றது. அதனை ஓர் இயற்பியல் ஆசிரியனின் கண்கொண்டு மதிப்பிட்டுப் பார்ப்போம்.

'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்கிறோம். விளக்கம் முன்னால் வருகிறது. புத்தகம் பின்னால் வருகிறது. சீன மொழியிலும் அப்படியே: 'வோ ட்சுவோதியென் மாய் த ஷூ'. வோ என்றால் நான், ட்சுவோதியென், நேற்று, மாய், வாங்கு, ஷூ, புத்தகம். நடுவில் உள்ள 'த' விளக்கத்தைப் பெயருடன் இணைக்கும் இடைச்சொல். சொற்களின் வரிசை தமிழைப் போலவே இருப்பதைக் காணலாம். ஆங்கிலத்திலோ 'தி புக் தட் ஐ பாட் எஸ்டர்டே' என்று புத்தகம் முதலில் வர, விளக்கம் ஒரு துணைவாக்கியமாகப் பின்தொடர்கிறது. பாரசீகமும் அரபும் இதில் ஆங்கிலத்தைப் போன்றவை. ஜப்பானியம் சீனத்தைப் போன்றது.

அப்படியானால் ஆங்கிலத் துணைவாக்கியத்தில் மிகுதியாகத் தவறு செய்பவர்கள் சீனரும் ஜப்பானியரும்தானே? ஷாக்டர் ஒவ்வொரு மொழியினரும் எழுதிய 50 ஆங்கிலக் கட்டுரைகளை எடுத்து எண்ணினார். பாரசீக மாணவர்கள் எழுதிய 174 துணைவாக்கியங்களில் 43 பிழையானவை. அரபு மாணவர்களின் 154இல் 31. சீனரின் 76இல் 9. ஜப்பானியரின் 63இல் 5. பிழை விழுக்காடு முறையே 25, 20, 12, 8. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு!

விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர், சீன மாணவருக்கு இப்பாடம் எளிது என்று முடிவு கட்டிவிடுவார். ஷாக்டரோ மொத்த எண்ணிக்கையைப் பார்த்தார். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்க மாணவர்கள் 173 துணைவாக்கியங்கள் எழுதியிருந்தனர். சீனர் எழுதியது அதில் பாதிகூட இல்லை. கடினமானதை அவர்கள் தவிர்த்துவிட்டனர். உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டுமே பயன்படுத்தினர் என்பது அவர் முடிவு. அளக்கப்படாமல் போனதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற இப்பாடமே கட்டுரையின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் சில குறைகளைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, எண்களின் உறுதி. 9 என்பது சிறிய எண். இத்தகைய எண்ணிக்கைகளில் வர்க்கமூல அளவுக்கு, அதாவது சுமார் 3 வரை, ஏற்ற இறக்கம் இயல்பு. எனவே சீனரின் 12 விழுக்காடு என்பது 8 முதல் 16 வரை எங்கும் இருக்கலாம். அரபு மாணவரின் 20 விழுக்காட்டிலும் இதே போன்ற ஊசலாட்டம் உண்டு. ஆகவே, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிழை வேறுபாட்டைப் பெரிதாகப் பேச முடியாது. ஆனால் 76க்கும் 154க்கும் உள்ள இடைவெளி அவ்வளவு எளிதில் மறையாது. கட்டுரையின் வலிமை மொத்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது குறை பெரியது. குறைவாகப் பயன்படுத்துவது வேறு, தவிர்ப்பது வேறு. சீனர் தம் மொழியில் எழுதும்போதே இத்தகைய தொடர்களைக் குறைவாகக் கையாள்பவராக இருந்தால், ஆங்கிலத்திலும் அப்பழக்கம் தொடரலாம். அங்கே அச்சத்துக்கு வேலையில்லை. இதைச் சோதிக்க அதே மாணவர்களின் சீனக் கட்டுரைகளையும் எண்ணியிருக்க வேண்டும். தராசின் தொடக்கப் பிழையைப் பார்க்காமல் எடை போட்டது போலாயிற்று. 1992இல் கமிமோட்டோ, ஷிமுரா, கெல்லர்மன் ஆகிய மூவர் இக்கட்டுரையை மறு ஆய்வு செய்தபோது, தாய்மொழியில் இத்தொடர்களின் பயன்பாட்டையும் பார்க்க வேண்டும் என்றே வலியுறுத்தினர்.

சரி, வகுப்பறையில் ஆசிரியர் என்ன செய்வது? தப்பிக்க வழியில்லாத பயிற்சிகளைத் தர வேண்டும். இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கச் சொல்லலாம். படத்தில் இரு சிறுவர்களைக் காட்டி, 'பந்து வைத்திருக்கும் சிறுவன்' எவன் என்பதை ஒரே தொடரில் குறிப்பிடச் சொல்லலாம். அப்போது 'தேர் ஆர் மெனி பீப்பிள் லிவ் ஹியர்' என்று, இடையில் வரவேண்டிய 'ஹூ' என்ற சொல்லை விட்டுவிடும் வழக்கமான பிழைகள் வெளிவரும். வரட்டும், வெளிவந்த பிழையைத்தான் திருத்த முடியும்.

இந்தத் தொடரில் சீனத்தின் வரிசையே தமிழின் வரிசையும் என்பதால், இச்சோதனையை நம் பள்ளிகளிலும் செய்து பார்க்கலாம். தமிழ் வழியில் பயிலும் மாணவ நண்பர்களே, உங்கள் ஆங்கிலக் கட்டுரையில் சிவப்பு மை குறைவாக இருந்தால் மகிழுங்கள். கூடவே, எழுதத் துணியாமல் விட்ட வாக்கியங்கள் எத்தனை என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.