மேற்கோட்குறியும் வாசக நம்பிக்கையும்: ஸ்டீபன் ஆம்புரோசின் வரலாற்று நூல்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

வெகுசன வரலாற்றாசிரியர் ஒருவர் பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டினார் என்பது வெளிப்பட்டபின், அவருடைய நூல்களை வாசகர் தொடர்ந்து வாசிக்கலாமா? இவ்வினா அமெரிக்காவில் 2002 ஆம் ஆண்டு பெரிதும் எழுந்தது. நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வரலாறு கற்பித்த ஸ்டீபன் ஆம்புரோஸ் (1936–2002) அதன் மையமாக இருந்தார். 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' (1992), 'டி-டே' (1994), 'அன்டான்டட் கரேஜ்' (1996), 'சிட்டிசன் சோல்ஜர்ஸ்' (1997) ஆகிய நூல்களால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே பெரும் வாசகப் பரப்பை ஈட்டியவர் அவர். முதல் நூல் 2001 இல் தொலைக்காட்சித் தொடராகி உலகெங்கும் பரவியது. அவர் முன்னின்று உருவாக்கிய போர் அருங்காட்சியகம் 2000 சூன் 6 அன்று நியூ ஆர்லியன்சில் திறக்கப்பட்டது. இத்தகைய புகழின் உச்சத்திலேயே அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது.

இவ்வழக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு அணிகளாகப் பிரிகின்றனர். திருடியவரின் எழுத்து முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்பது ஓரணியின் கருத்து. நிகழ்ச்சி உண்மையானால் அதை எவர் சொல்லால் சொன்னால் என்ன என்பது மற்றதன் கருத்து. இவ்விரண்டும் வாசகர் அடையும் இழப்பைச் சரியாக அளக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குற்றச்சாட்டின் தன்மை

ஆம்புரோசின் 'தி வைல்டு புளூ' (2001) பி-24 வகைக் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய இளைஞர்களைப் பற்றியது. பின்னாளில் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஜார்ஜ் மெக்கவர்ன் அதன் முதன்மைப் பாத்திரம். இந்நூலின் சில பகுதிகள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் சில்டர்ஸ் எழுதிய 'விங்ஸ் ஆஃப் மார்னிங்' (1995) நூலின் தொடர்களோடு மிக நெருங்கி ஒத்திருப்பதை 2002 சனவரியில் 'வீக்லி ஸ்டாண்டர்டு' வார இதழ் வெளியிட்டது. அடுத்த சில வாரங்களில் வேறு நூல்களும் ஆராயப்பட்டன. 1975 இல் வெளிவந்த 'கிரேசி ஹார்ஸ் அண்ட் கஸ்டர்' நூலிலும் ஜே மோனகனின் கஸ்டர் வரலாற்றைத் தழுவிய பகுதிகள் காணப்பட்டன. ஆகவே இது முதுமையின் அவசரத்தால் நேர்ந்த தனித்த பிழை என்ற விளக்கம் நிலைக்கவில்லை.

ஆம்புரோஸ் சில்டர்சிடம் மன்னிப்புக் கோரினார். எனினும் தம் முறையை அவர் முற்றிலும் கைவிட்டுப் பேசவில்லை. எடுத்தாண்ட இடங்களில் அடிக்குறிப்பு உள்ளது. மேற்கோட்குறி மட்டுமே விடுபட்டது. தாம் எழுதிய பல்லாயிரம் பக்கங்களில் இவை மிகச் சிலவே. தம் பணி கதை சொல்வதே என்ற பொருள்பட அவர் விடையளித்தார்.

இவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலத்தை முற்றாக மறைப்பவர் அடிக்குறிப்பு இடமாட்டார். ஆயின் அடிக்குறிப்பும் மேற்கோட்குறியும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. செய்தி எங்கிருந்து வந்தது என்பதை அடிக்குறிப்பு கூறும். சொல் யாருடையது என்பதை மேற்கோட்குறி கூறும். முன்னது மட்டும் இருக்கும்போது, செய்தியைக் கடன் பெற்று அதைத் தம் சொல்லால் ஆசிரியர் வடித்துள்ளார் என்றே வாசகர் கொள்வர். அவ்வாறு கொள்ளவைத்தலே இங்கு நிகழ்ந்த பிழை.

பறிக்கப்பட்டது எது?

சில்டர்சின் நூல் செருமனி மீது வீழ்த்தப்பட்ட கடைசி அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு. 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது வீழ்ந்த அவ்விமானத்தில் வானொலி இயக்குநராக இருந்தவர் சில்டர்சின் தாய்மாமன். குடும்பத்தார் பேணிவைத்த கடிதங்களிலிருந்து தொடங்கி, உடன் பறந்தவர்களின் குடும்பங்களைத் தேடி, விமானம் வீழ்ந்த ஊர் வரை சென்று எழுதப்பட்ட நூல் அது. செருமானிய அரசியல் வரலாற்றில் புலமை பெற்ற ஒருவர் தம் குடும்பத்தின் இழப்பைச் சொல்லும் நடையைக் கண்டடைய உழைத்த உழைப்பு அதில் உண்டு. அந்நடையே அந்நூலின் தனிச்செல்வம்.

எனவே "தகவல் எவருக்கும் சொந்தமன்று" என்ற வாதம் இங்கே பொருந்தாது. விமானத்தின் எடை, குண்டின் அளவு, பறந்த உயரம் ஆகியவை பொதுச்சொத்து. அவ்விமானத்துள் இருந்தோர் உணர்ந்ததை வாசகர் உணருமாறு அமைத்த தொடர் பொதுச்சொத்து அன்று. வெகுசன வரலாற்றில் விற்பனையாவது தகவலைவிடத் தொடரே என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வழிநூல் மரபும் அதன் நிபந்தனையும்

தமிழ் மரபில் சொல்லுடைமை என்ற கருத்தே இல்லை என்றும், எழுத்துத் திருட்டு என்பது மேலைநாட்டுச் சட்டச் சிந்தனை என்றும் சிலர் வாதிடுவதுண்டு. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுக்கிறது. முன்னோர் பொருளை மட்டுமன்றி அவர் சொல்லையும் எடுத்தாள்வதற்கு இசைவு தருகிறது. இதனை மட்டும் நோக்கினால் ஆம்புரோசின் செயல் நம் மரபுக்கு ஏற்புடையதே எனத் தோன்றும்.

ஆயின் அதே நன்னூல், சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' என்பதை வைக்கிறது. இந்நூல் எந்நூலின் வழிவந்தது என்பதை வாசலிலேயே அறிவித்தல் அங்கே கடமை. எடுத்தாளும் உரிமையும் அறிவிக்கும் கடமையும் இணைந்தே இயங்கின. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் ஏடு தந்தோர் பெயர்களை நிரல்படக் குறித்தது இம்மரபின் அச்சுக்காலத் தொடர்ச்சி எனலாம். வழி கூறாத வழிநூலுக்கு நம் மரபிலும் காப்பில்லை.

வாசகருக்கு நேரும் இழப்பு

திருட்டால் இழப்புறுபவர் மூல ஆசிரியர் மட்டுமே, வாசகர் அல்லர் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது வரலாற்று நூலைப் பொறுத்தவரை தவறு. புனைகதையில் இரவல் தொடர் வாசகரின் சுவையைக் குறைக்காமல் இருக்கலாம். வரலாற்று வாசகரோ சாட்சிகளை எண்ணுபவர். ஒரு நிகழ்ச்சியை இரு ஆசிரியர்கள் ஒத்து விவரித்தால், இருவரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தனர் என அவர் கொள்கிறார். ஒருவர் மற்றவரைப் படியெடுத்திருந்தால் அங்கே இருப்பது ஒரே சாட்சி. முதல் நூலில் பிழை இருப்பின் இரண்டாம் நூல் அதை உறுதிப்படுத்தும் சான்றாக மாறிவிடுகிறது. ஏடுகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் இதனை நன்கறிவர்: ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த பத்து ஏடுகள் பத்துச் சான்றுகள் ஆகா.

திருட்டு மற்றொன்றையும் காட்டுகிறது. அது வேலைமுறையின் வேகம். 1992 முதல் 2001 வரை ஆம்புரோசின் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்டம் கடந்த ரயில்பாதை பற்றிய அவரது 2000 ஆம் ஆண்டு நூலில் உள்ள பிழைகளை ரயில்வே வரலாறு அறிந்தோர் பட்டியலிட்டனர். 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' நூலில், காயமுற்றுத் தேறவே இல்லை எனக் கூறப்பட்ட ஆல்பர்ட் பிளைத் என்னும் வீரர், உண்மையில் தேறிப் படையில் தொடர்ந்து பணியாற்றி 1967 வரை வாழ்ந்தவர். தோழர்களின் நினைவை அப்படியே ஏற்று, பதிவேட்டோடு ஒப்பிடாமல் விட்டதன் விளைவு இது. மேற்கோட்குறி விடுபட்டதும் சரிபார்ப்பு விடுபட்டதும் ஒரே அவசரத்தின் இரு விளைவுகள் எனக் கருத இடமுண்டு.

திருட்டினும் பெரிய பிழை

ஆம்புரோஸ் 2002 அக்டோபரில் மறைந்தார். அவரைப் பற்றிய மிகக் கடுமையான செய்தி அதன்பின் 2010 இல் வெளிவந்தது. ஐசனாவரின் வரலாற்றை எழுதியவர் என்ற நிலையே அவருடைய புலமைப் புகழின் அடித்தளம். ஐசனாவரே தம்மை அழைத்தார் என்றும், அவரோடு பல நூறு மணிநேரம் உரையாடியதாகவும் அவர் கூறிவந்தார். கான்சாசு மாநிலம் அபிலீனில் உள்ள ஐசனாவர் நூலக ஆவணங்கள் வேறு செய்தியைத் தருவதை 'நியூயார்க்கர்' இதழ் வெளியிட்டது. முதலில் கடிதம் எழுதியவர் ஆம்புரோசே. அலுவல் குறிப்புகளில் பதிவான சந்திப்புகள் மூன்றே. அவற்றின் மொத்தக் காலம் ஐந்து மணிநேரத்துக்கும் குறைவு. நூல்களில் குறிக்கப்பட்ட நேர்காணல் நாள்கள் பலவற்றில் ஐசனாவர் வேறு இடத்தில் இருந்துள்ளார்.

பதிவாகாத சந்திப்புகள் நடந்திருக்கலாம் என வாதிடலாம். ஆனால் குறிக்கப்பட்ட நாளில் குறிக்கப்பட்டவர் வேறிடத்தில் இருந்தமைக்கு அவ்வாதம் விடையாகாது. இங்கே அடிக்குறிப்பு இருக்கிறது. ஆயின் அது சுட்டும் இடத்தில் சான்று இல்லை. எழுத்துத் திருட்டு மூலத்துக்கு உரியவரை மறைக்கிறது. ஆயினும் மூலம் எங்கோ உள்ளது, தேடினால் கிடைக்கும். இல்லாத நேர்காணலுக்கு அத்தகைய மீட்பு இல்லை. அத்தகைய அடிக்குறிப்பை நம்பிப் பிற்கால ஆய்வாளர் எடுத்தாளும்போது பிழை பெருகிக்கொண்டே போகும். எனினும் பொதுவெளியில் பேரொலி எழுப்பியது மேற்கோட்குறிதான். இரு நூல்களின் பத்திகளை அருகருகே வைத்து எவரும் ஒப்பிடலாம். நேர்காணலின் நாளைச் சரிபார்க்க ஆவணக்காப்பகம் செல்ல வேண்டும். கண்டுபிடிக்க எளிதான குற்றமே பெருங்குற்றமாகத் தோற்றம் பெற்றது.

திருத்தம் என்னும் அளவுகோல்

அதே 2002 இல் டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. கென்னடி குடும்பம் பற்றிய அவரது 1987 ஆம் ஆண்டு நூல் லின் மெக்டகர்ட்டின் நூலிலிருந்து மேற்கோட்குறியின்றி எடுத்தாண்டிருந்தது. முன்பே பணம் கொடுத்து அமைதியாகத் தீர்த்துக்கொண்ட செய்தியும் வெளிவந்தது. அவர் புலிட்சர் பரிசுக் குழுவிலிருந்து விலகினார். நூலைத் திருத்த முற்பட்டார். லிங்கன் அமைச்சரவை பற்றிய அவரது 2005 ஆம் ஆண்டு நூல் பரந்த மதிப்பைப் பெற்றது. மறைத்துத் தீர்த்த முதற்செயல் குறைபாடு உடையதே. எனினும் பின்வந்த திருத்தம் வாசகர் மீண்டும் நம்புவதற்கு ஓரடிப்படை தந்தது.

திருத்தும் பொறுப்பை ஏற்கும் பொது அமைப்பு ஏதுமில்லை என்பதையும் கருத வேண்டும். அமெரிக்க வரலாற்றுக் கழகம் இத்தகைய முறையீடுகளை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் வழக்கத்தை 2003 இல் கைவிட்டது. ஆகவே தீர்ப்பு வாசகரிடமும் நூலகரிடமும் வந்து சேர்ந்துள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், எழுத்துத் திருட்டு ஒன்றே ஆம்புரோசின் நூல்கள் அனைத்தையும் ஒதுக்கப் போதிய காரணம் ஆகாது; வாசிக்கும் முறையை மாற்றப் போதிய காரணம் ஆகும் என்பது பெறப்படும். போர்வீரர்களின் வாய்மொழிகளைத் திரட்டியது அவருடைய மெய்யான பணி. அவ்வாய்மொழிகள் நேராகப் பதிவான இடங்கள் இன்றும் பயன்தருவன. 'தி வைல்டு புளூ' நூலை வாசிப்பவர் சில்டர்சின் நூலையும் உடன்வைத்து வாசிக்க வேண்டும். ஒன்றையே தேர்வதாயின் பின்னதையே தேரலாம். ஐசனாவர் நேர்காணலை மட்டும் சான்றாகக் காட்டும் செய்திகளை, வேறு ஆவணம் துணைநிற்காதவரை, ஆய்வில் எடுத்தாளாமை நன்று.

இம்முடிவு அமெரிக்க வாசகருக்கு மட்டும் உரியதன்று. சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர் தாமே எழுதிவைத்தவை மிகக் குறைவு. அவர் வரலாறு பெரிதும் எஞ்சியோர் வாய்மொழியில் தங்கியுள்ளது. அங்கே ஒப்பிட்டுத் திருத்த அலுவல் குறிப்பும் பெரும்பாலும் இராது. சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்நாளில் என்பவற்றைப் பதியாமல் சுவைபட எழுதப்படும் நூல், எத்துணை வாசகரை ஈட்டினும், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குச் சான்றாக உதவாது. புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் பொதுவாசகருக்காக எழுத முற்படுவோர் ஆம்புரோசிடம் கதை சொல்லும் ஆற்றலைக் கற்கலாம். வழி கூறும் கடமையைச் சில்டர்சிடம் கற்க வேண்டும்.