ஒற்றனும் தலையாட்டியும்: ஒரு ஜேம்ஸ் பொண்ட் ரசிகனின் மறுவாசிப்பு

நெடுங்கேணியில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஒருநாள் திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலை விளக்கிக்கொண்டிருந்தேன். பாடத்திட்டத்துக்காக அல்ல. உளவு பற்றி வள்ளுவர் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார் என்று காட்டுவதற்காக. கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பினான்.

“சேர், ஒற்றன் எண்டா தலையாட்டியோ?”

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்ட சனத்தை, முகத்தை மூடிக்கொண்டு பார்த்துத் தலையை ஆட்டிய அந்த மனிதனை இந்தப் பிள்ளை கண்டிருக்க முடியாது. இவன் பிறந்தது 2009க்குப் பிறகு. சொல் மட்டும் வீட்டில் மிஞ்சியிருக்கிறது. “அவன் வேற, இவன் வேற” என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. “அப்ப ஜேம்ஸ் பொண்ட் ஆர் சேர்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். வகுப்பில் உடனே சொல்ல முடியாமல் போன பதில்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பொண்ட் ரசிகன். 1962இல் வந்த ‘டொக்டர் நோ’ முதல் 2021இல் வந்த ‘நோ டைம் டு டை’ வரை அந்த வரிசையின் 25 படங்களையும் பார்த்திருக்கிறேன். படத்துக்கு முன்னமே புத்தகத்தில் அறிமுகம். 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், பொண்டைத் தமிழ் பேச வைத்தது. ஆங்கிலச் சித்திரத் தொடரில் உடை குறைந்து நிற்கும் பெண்களுக்கு மையால் சட்டை வரைந்து விட்டிருப்பார்கள். அந்த மைக்கு நான் கடமைப்பட்டவன். அதனால்தான் உம்மாவுக்கு முன்னால் இருந்து வாசிக்க முடிந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. நீராவிப்பிட்டியிலிருந்து எங்களை ஏற்றிய ட்ரக்டர் இந்த நெடுங்கேணி வீதியால்தான் போனது. உடுப்புப் பைக்குள் நான் ஒளித்து வைத்த இரண்டு ராணி காமிக்ஸும் புத்தளம் வரை வந்து சேர்ந்தன.

புத்தளத்தில், கிடுகுக் கொட்டில்களுக்கு நடுவில், வாடகைக்கு எடுத்த டெக்கில் ஒரு பெருநாள் இரவு ‘த லிவிங் டேலைட்ஸ்’ போட்டார்கள். 1987இல் வந்த படம். பொண்டாக நடித்தவர் திமோத்தி டால்டன். கதை ஆப்கானிஸ்தானுக்குப் போகிறது. சோவியத் படைகளுக்கு எதிராகப் போராடும் முஜாஹிதீன்களின் தளபதி கம்ரான் ஷா. பொண்டோடு சேர்ந்து குதிரையில் பாய்கிறார், விமானத் தளத்தைத் தாக்குகிறார். கொட்டில் அதிரக் கை தட்டினோம். “எங்கட ஆக்களடா!” என்று கத்திய மாமாவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. சொந்த ஊரில் இருக்க விடாமல் அனுப்பப்பட்ட ஒரு கூட்டம், உலகத்தின் பெரிய வீரனுக்குப் பக்கத்தில் தன் ஆளொருவனைக் கண்ட மகிழ்ச்சி அது. அதை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கம்ரான் ஷா யார்? ஒக்ஸ்போர்டில் படித்தவர். அழகான ஆங்கிலம் பேசுபவர். பிரித்தானியப் பார்வையாளன் பயப்படாமல் நேசிக்கத்தக்க முஸ்லிம். அந்த வேடத்தில் நடித்தவர் பாகிஸ்தானில் பிறந்த ஆர்ட் மாலிக். ஏழு வருடம் கழித்து, 1994இல், ‘ட்ரூ லைஸ்’ படத்தில் அதே ஆர்ட் மாலிக் வந்தார். இந்த முறை அமெரிக்க நகரங்களை அணுகுண்டால் அழிக்கப்போவதாக மிரட்டும் பயங்கரவாதித் தலைவன். நடிகர் மாறவில்லை. 1989இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். மேற்குக்குத் தேவைப்பட்ட வேடம் மாறிவிட்டது.

பழைய படங்களைத் திரும்பப் பார்த்தால் இது புதிய பழக்கம் அல்ல என்று தெரிகிறது. 1963இல் வந்த ‘ஃப்ரொம் ரஷ்யா வித் லவ்’ படத்தில் இஸ்தான்புல் நண்பர் கெரிம் பே, மனதில் நிற்கும் பாத்திரம். பொண்டுக்கு ஊர் காட்டுகிறார், ரயிலில் செத்துப் போகிறார். நடித்தவர் மெக்சிக்கோக்காரர். 1983இல் வந்த ‘ஒக்டோபசி’யில் வில்லன் கமால் கான், நாடிழந்த ஆப்கான் இளவரசன். நடித்தவர் பிரெஞ்சுக்காரர். நண்பனோ வில்லனோ, முஸ்லிமின் பெயர் வேண்டும். முகம் எங்கிருந்தும் எடுக்கலாம். கதையைக் கொண்டுபோகும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை.

‘லிவிங் டேலைட்ஸ்’ முடிவில் ஒரு பகிடி வருகிறது. வியன்னாவில் இசைக் கச்சேரி முடிந்த பிறகு, கம்ரான் ஷாவும் ஆட்களும் போர்க்கோலத்திலேயே வந்து சேருகிறார்கள். விமான நிலையத்தில் கொஞ்சம் சிக்கலாம், அதனால் பிந்திவிட்டதாம். அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். 2001க்குப் பிறகு விமான நிலைய வரிசையில் பெயருக்காகத் தனியே ஒதுக்கி நிறுத்தப்பட்ட எவருக்கும் அந்தக் காட்சி பகிடியாக இருக்காது. படத்தில் ஒரு சட்டகம் கூட மாறவில்லை. பார்ப்பவன் நிற்கும் இடம் மாறிவிட்டது.

என் கருத்து இதுதான். உளவுப் படம் சந்தேகத்தை இன்பமாக்கித் தருகிற கலை. யார் நல்லவன், யார் கள்ளன் என்று நாயகனோடு சேர்ந்து நாமும் துருவுகிறோம். சந்தேகிக்கிறவன் பக்கம் நிற்கும் வரைக்கும் அது இன்பம். சந்தேகிக்கப்படுகிறவன் பக்கம் நின்றவர்களுக்கு? 1990இல் 70,000க்கும் மேற்பட்ட எங்கள் சனத்தின் மேல் ஒட்டப்பட்ட சொல் உளவாளி, காட்டிக்கொடுப்பவன் என்பதுதான். தையல்காரனும் கடைக்காரனும் பாலர் வகுப்புப் பிள்ளையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டார்கள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. அதே காலத்தில் அதே மண்ணில் தமிழ்ச் சனம் தலையாட்டியின் ஒரு தலையசைப்புக்குப் பயந்து நின்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் உளவு என்பது எங்களுக்குச் சாகசமாக இருக்கவில்லை. இருந்தும் கொட்டிலுக்குள் கை தட்டினோம். அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முஸ்லிம் உளவாளி நாயகனாக வந்தால் சரியாகிவிடுமா? கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ அப்படித்தான் வந்தது. நாயகன் விசாம் அகமது காஷ்மீரி, இந்திய உளவாளி, தொழுகையாளி. முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பால் 2013 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை, பிறகு சில இடங்களில் மாற்றத்துடன் பெப்ரவரியில் வெளியீடு. தடை கேட்டது எனக்கு உடன்பாடில்லை. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: தன் விசுவாசத்தை நிரூபிக்க ஒரு முஸ்லிம் ஏன் தன் ஆட்களையே வேவு பார்க்க வேண்டும்? தடையின் சத்தத்தில் அந்தக் கேள்வி அமுங்கிப் போனது.

இனி வள்ளுவரிடம் வருவோம். சந்தேகம் தராத தோற்றம், அஞ்சாத பார்வை, என்ன வந்தாலும் வாய் திறக்காமை ஆகியவை ஒற்றனுக்கு அவர் வைக்கும் இலக்கணம். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே என்றும் சொல்கிறார். போன இடமெல்லாம் தன் பெயரை இரண்டு தரம் சொல்லி அறிமுகமாகும் பொண்ட், வள்ளுவரின் நேர்முகத் தேர்வில் முதல் நிமிடமே தோற்றிருப்பார். ஆனால் அதிகாரத்தின் உயிர் வேறிடத்தில். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனால் சரிபார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்து வந்தால்தான் நம்பு என்கிறார். அரசனுக்கு உளவு தேவை என்று ஏற்றவர், உளவை நம்ப அவசரப்படவில்லை.

எங்கள் மார்க்கம் இதைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது. சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் வீண் சந்தேகத்தையும் பிறரைத் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. அதே சூராவின் 6ஆவது வசனம், நம்பத்தகாதவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்று காரணமும் சொல்கிறது. 1990ஐ நினைக்காமல் அந்த வசனத்தை என்னால் ஓத முடிவதில்லை. தலையாட்டிக்கு முன்னால் நின்ற என் மாணவர்களின் குடும்பங்களுக்கும் அதே வசனம் பொருந்தும்.

“படம்தானே சேர், பொழுதுபோக்குத்தானே” என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். மெய்தான். நானும் பொழுதைப் போக்கத்தான் பார்க்கிறேன், இனியும் பார்ப்பேன். ஆனால் சினிமாவும் ஒரு செய்தியைக் கொண்டுவருகிறது. அதை இன்னோர் ஆளால் சரிபார்க்காமல் நம்பினால், எங்களைப் பற்றி மற்றவர் சொன்ன கதையை நாங்களே கை தட்டி ஏற்றுக்கொண்டதாகிவிடும். விமர்சனம் என்பது அந்த இரண்டாவது ஆளின் வேலை.

அடுத்த வாரம் அந்த மாணவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “தலையாட்டி சொன்னதை ஒருத்தரும் சரி பார்க்கேல்லை. வள்ளுவர்ர ஒற்றன் சொன்னதைச் சரி பார்ப்பாங்கள். ஜேம்ஸ் பொண்ட் சொல்லுறதை நீதான் சரி பார்க்கோணும்.”

கொஞ்சம் யோசித்தான். “அப்ப படம் பார்க்கலாமோ சேர்?”

“பார். பார்த்திட்டு வந்து எனக்குச் சொல்லு” என்றேன்.