ஆற்றுப்படையும் அலைவரிசையும்: கலைஞர் - புரவலர் உறவு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கும் கலைஞரின் வறுமையையும் மன்னரின் கொடையையும் பொருளாகக் கொண்டவை. பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் வறிய கலைஞர்க்குப் புரவலரிடம் செல்லும் நெறியைக் கூறுதல் இவ்வகையின் அமைப்பாகும். தொல்காப்பியப் புறத்திணையியலும் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. இன்று வளர்ந்துவரும் இசைக்கலைஞர் யூடியூப், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்களின் வழியே கேட்போரைத் திரட்டுகின்றனர். இதனால் புரவலர் என்னும் இடையீடு நீங்கிவிட்டது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்தை ஆற்றுப்படை மரபோடு ஒப்பவைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயில்

நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாதது எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. ஆற்றுப்படை புரவலரைப் புகழும் நோக்குடையது. எனவே இதனை வரலாற்றுச் செய்தியாக அப்படியே கொள்ளலாகாது. எனினும், எது புகழத்தக்க பண்பாகக் கருதப்பட்டது என்பதை இது உணர்த்தும். யூடியூப் நிறுவனமோ, விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு 1000 சந்தாதாரரையும் 12 மாதங்களில் 4000 மணிநேரப் பார்வையையும் 2018இல் நிபந்தனையாக்கியது. குறுங்காணொளிகளுக்கு 90 நாள்களில் 1 கோடி பார்வை என்னும் மாற்று அளவு 2023இல் சேர்க்கப்பட்டது. அங்கு வறுமை கொடைக்குக் காரணமாயிற்று. இங்குப் புகழே வருவாய்க்குத் தகுதியாகிறது. புரவலர் மறையவில்லை, வாயிலின் விதியே மாறியுள்ளது.

வழி

583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாத்தின் பெரும்பகுதி வழியைப் பற்றியது. எங்கு இடர் உண்டு, எங்கு விருந்து கிடைக்கும் என்பதை முன்சென்றவர் பின்வருவோர்க்கு உரைக்கிறார். அவ்வறிவு கலைஞர்க்குள் கைமாறும் பொதுச்சொத்தாக விளங்கியது. சமூக ஊடகத்தில் திசை மாறுகிறது. பாடலைப் பகிர்பவர் கலைஞரைப் புரவலரிடம் அன்றி, கேட்போரைக் கலைஞரிடம் ஆற்றுப்படுத்துகிறார். எப்பாடல் எவர்முன் தோன்றும் என்பதைத் தளத்தின் கணிப்புமுறையே பெரிதும் தீர்மானிக்கிறது. அதன் நெறியைக் கலைஞர் முழுமையாக அறிய இயலாது.

இவ்வழி சென்று சேரும் இடமும் நோக்கத்தக்கது. 2011இல் இணையத்தில் பரவிய பாடலால் அறியப்பட்ட ஹிப்ஹாப் தமிழா இணையர், 2015இல் 'ஆம்பள' திரைப்படத்தின் இசையமைப்பாளராயினர். திரட்டிய கேட்போர் கூட்டம் அவர்களைப் பெரும்புரவலராகிய திரைத்துறையிடம் ஆற்றுப்படுத்தியது எனலாம். மேலும், அக்கூட்டம் கலைஞரின் உடைமையும் அன்று. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது, டிக்டாக்கில் பலர் ஈட்டியிருந்த பின்தொடர்வோரும் அதனுடன் நீங்கினர். புரவலர் மறைந்தபோது கையறுநிலை பாடிய மரபு நமக்கு உண்டு. தளம் மறைந்தபோது அதற்கு நிகரான பாடல் மரபு எழவில்லை.

பெயர்

ஆற்றுப்படைகளில் மன்னர் பெயர் பெறுகிறார். பாடிய புலவரின் பெயரும் நிற்கிறது. வழிகேட்ட பாணரின் பெயர் இல்லை. 2021 மார்ச் மாதம் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இங்கு ஒப்பிடத்தக்கது. தீ, அறிவு ஆகியோர் பாடிய இப்பாடலுக்கு இசை சந்தோஷ் நாராயணன்; வரிகள் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து நிலமற்றோர் வரலாற்றை அறிவு வரிகளாக்கினார். பல கோடிப் பார்வைகளைப் பெற்ற இப்பாடல், 2022 ஜூலையில் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடப்பட்டது. அதனையொட்டி அவர் இன்ஸ்டாகிராமில் தம் பங்கை எடுத்துரைத்தார். ஏனையோர் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். உரிமை எவர்க்கு எவ்வளவு என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால், பாடல் பரவிய அதே ஊடகப் பரப்பில் பாடியவர் தம் பெயரைக் கோர முடிந்தது. பாணர்க்கு வாய்க்காத இடம் இது. 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கு வருவாய் எதுவும் கிட்டவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். பெயரைக் கோர இடமளித்த பரப்பு பரிசிலை உறுதிசெய்யவில்லை என்பது இதனால் புலனாகிறது.

முடிவுரை

சமூக ஊடகம் புரவலரை ஒழித்தது என்பது பொருந்தாது. புரவலர் பலராகவும் முகமற்றவராகவும் மாறியுள்ளார். கலைஞர் தம் பெயரைத் தாமே நிறுவ இடம் கிடைத்திருப்பது உண்மையான பேறாகும். இழந்தது, பெற்றவர் பெறாதவர்க்கு வழிகூறும் கடமையுணர்வு. ஒரு கலைஞர் தம் அலைவரிசையில் அறிமுகமற்ற மற்றொருவரைப் பாடச்செய்யும்போது மட்டுமே அவ்வுணர்வு மீள்கிறது. பார்வை எண்ணிக்கையைவிட, அச்செயலையே ஆற்றுப்படை மரபின் இன்றைய தொடர்ச்சியாகக் கொள்ளுதல் தகும்.