கழுத்தில் போட்ட கோடுகள்

கத்தியோ குண்டோ தோலுக்கடியில் மெல்லியதாய்ப் படர்ந்திருக்கும் பிளாட்டிஸ்மா தசையைக் கடந்துவிட்டால் கழுத்தைத் திறந்தே ஆக வேண்டும். ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்கள் இதை விதியாகவே கொண்டிருந்தார்கள். அதற்குப் பலம் சேர்த்தது 1956இல் ஃபோகல்மேனும் ஸ்டூவர்ட்டும் டல்லாஸிலிருந்து வெளியிட்ட 100 நோயாளிகளின் கணக்கு. உடனே திறக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 6 விழுக்காடு. தாமதித்தோ திறக்காமலோ விடப்பட்டவர்களில் 35. அதிரவைக்கும் வித்தியாசம்தான். ஆனால் இரு பிரிவினரும் சமமாகப் பிரித்து ஒப்பிடப்பட்டவர்கள் அல்லர். அந்த வித்தியாசம் முழுவதையும் கத்தியின் வேகத்துக்கே வரவு வைக்க முடியாது. விதியைப் பின்பற்றித் திறந்த கழுத்துகளில் ஏறக்குறைய பாதியில் உள்ளே பெரிய சேதம் எதுவும் இல்லை என்பது பின்னர் வந்த பல தொகுப்புகளில் தெரிந்தது.

1969இல் மான்சன் குழுவினர் கழுத்தை மூன்று மண்டலங்களாக வகுத்தார்கள். இன்று வழங்கும் வடிவில் கிரிகாய்டு குருத்தெலும்புக்குக் கீழே முதல் மண்டலம், அங்கிருந்து தாடை மூலை வரை இரண்டாவது, அதற்கு மேல் மண்டையோட்டின் அடிவரை மூன்றாவது. நடு மண்டலத்தைத் திறப்பது எளிது, மற்ற இரண்டும் கடினம். அறுவைக்கு இது நல்ல வரைபடம். நோயறிதலுக்கு மோசமான வழிகாட்டி. தோலில் காயம் நடு மண்டலத்தில் இருக்கும். கத்தியின் முனை மார்புக்குள் இறங்கியிருக்கும்.

ஆகவே கோட்டைவிட அறிகுறிகளே முந்த வேண்டும் என்பது என் முடிவு. பீறிடும் குருதி, பெருகிக்கொண்டே போகும் வீக்கம், காயத்தில் காற்றுக்குமிழி, அதிர்ச்சி நிலை, இவற்றில் ஒன்றிருந்தாலும் ஸ்கேன் அறைக்கு அனுப்புவது பிழை. மூச்சுவழியைக் காத்து நேரே அறுவை அரங்குக்குப் போக வேண்டும். காயத்துக்குள் ஃபோலி குழாயைச் செலுத்திப் பலூனை உப்பவைத்துக் குருதியை அடக்கும் எளிய உத்தி அங்கு போய்ச்சேரும்வரை உயிர் காக்கும். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதை நன்றாகவே பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு எந்த மண்டலமானாலும் சி.டி. ஆஞ்சியோகிராம் போதும். ஆனால் தமனிகளைப் பற்றி மட்டுமே இதை நம்பிச் சொல்லலாம். உணவுக்குழாயின் சிறு கிழிசலை அது தவறவிடக்கூடும். ஒரு நாள் தாமதமானாலே கசிவு மார்பு நடுப்பகுதியில் சீழாக மாறிவிடக்கூடும். விழுங்கும்போது வலி, எச்சிலில் குருதி, தோலுக்கடியில் காற்று என்றிருந்தால், ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் சாயம் விழுங்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, உள்நோக்கியும் செலுத்திப் பார்த்த பிறகே நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம்.