பந்தலும் எடைக்கல்லும்

பெரம்பலூரில் தள்ளுவண்டியில் குவிந்திருக்கும் பன்னீர் திராட்சைக்குப் பாதி இத்தாலிய வம்சம் என்று சொன்னால் வண்டிக்காரர் சிரிப்பார். ஆனாலும் உண்மை அதுதான். ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று தோட்டக்கலையார் அழைக்கும் இந்த ரகத்துக்குப் பெற்றோர் இருவர். ஒன்று, வாசனைக்குப் பேர்போன ‘மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா’ என்ற வெள்ளைத் திராட்சை. மற்றது ‘ஸ்கியாவா குரோஸ்ஸா’ என்ற கறுப்புத் திராட்சை. இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைச்சரிவான தென் டிரோலில் நூற்றாண்டுகளாகச் சிவப்பு ஒயினுக்கு வளர்க்கப்படுவது. மரபணுச் சோதனையில் உறுதியான உறவு இது. பன்னீர் மணம் முதலாமவர் சொத்து. கறுத்த தோலும் அள்ளித்தரும் விளைச்சலும் இத்தாலிக்காரி கொண்டுவந்த சீதனம்.

இத்தாலிக்காரி என்று சொல்லக் காரணம் உண்டு. ‘ஸ்கியாவா’ என்றால் இத்தாலிய மொழியில் அடிமைப்பெண். கொடியைக் கட்டி வளர்ப்பதால் வந்த பெயர் என்பார்கள்.

எங்கள் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி. திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வண்டியில் வருவதுதான். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று வரிசையாகப் பந்தல்கள். கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி பின்னி, அதன்மேல் கொடியைப் படரவிடுகிறார்கள். குலைகள் கீழே தொங்கும். ஆள் நிழலில் நின்று வேலை பார்க்கலாம். தென் டிரோலிலும் ஸ்கியாவாவை வளர்ப்பது பந்தலில்தான். அவர்கள் ‘பெர்கோலா’ என்கிறார்கள். மரச்சட்டம், மலைச்சரிவுக்கேற்ற சாய்வு. இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை அல்ல. கொடியின் குணம் அப்படி. அடர்ந்து ஓடும் கொடிக்கு விரிந்த இடம் வேண்டும். மெல்லிய தோலுள்ள பழத்துக்கு வெயில் மறைப்பு வேண்டும்.

பந்தலின் முதல் பலம் அந்த நிழல்தான். கம்பத்து வெயில் நேராக விழுந்தால் பழம் வெந்துவிடும். இரண்டாவது பலம் விளைச்சல். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இந்த ரகத்துக்குச் சொல்லும் அளவு ஆண்டுக்கு எக்டருக்கு 30 டன். தென் டிரோலில் பெயர்க்காப்பு பெற்ற ஸ்கியாவா ஒயினுக்கு அனுமதிக்கும் விளைச்சல் அதில் பாதிகூட இல்லை. மூன்றாவது பலம் மண்ணுடையது அல்ல, வானத்துடையது. இங்கே குளிர்காலம் இல்லாததால் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய 4 மாதத்தில் பழம் கைக்கு வரும். ஆகவே அறுவடைத் தேதியை விவசாயியே முடிவுசெய்கிறார். அடுத்தடுத்த தோட்டங்கள் வெவ்வேறு தேதியில் கவாத்து செய்ய, வருடம் முழுவதும் சந்தையில் பன்னீர் திராட்சை கிடைக்கிறது. இரண்டாண்டில் ஐந்து முறை காய்க்கும் கொடியை ஐரோப்பியர்களால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

குறையும் இந்தப் பலத்திலிருந்தே முளைக்கிறது. ஒரு தோட்டத்தில் அறுவடை முடியும்போது பக்கத்துத் தோட்டத்தில் தளிர் விடுகிறது. அடிச்சாம்பல் நோய்க்கு விடுமுறையே கிடையாது. பனி விழும் ஊரில் குளிர்காலம் செய்கிற வேலையை இங்கே மருந்து செய்ய வேண்டியிருக்கிறது. பந்தல் அடர்ந்தால் உள்ளே ஈரம் தங்கும், காற்று ஓடாது. நோய்க்கு அதைவிட நல்ல வீடு இல்லை. மருந்து தெளிப்பவர் அண்ணாந்துதான் தெளிக்க வேண்டும். தெளித்ததில் ஒரு பங்கு அவர் முகத்திலேயே இறங்குகிறது. நிழலில் நின்று வேலை பார்க்கலாம் என்று மேலே புகழ்ந்தேனே, அந்த நிழலின் மறுபக்கம் இது.

ரசனை சார்ந்த குறை ஒன்றும் உண்டு. அடர்ந்த பந்தலின் நிழலில் இலைக்கு வெளிச்சம் குறைகிறது. இலைக்கு வெளிச்சம் குறைந்தால் பழத்தில் சர்க்கரை குறைகிறது. ஒரே குலையில் கோலிக்குண்டு அளவுப் பழமும் மிளகளவுப் பிஞ்சும் சேர்ந்திருப்பது இந்த ரகத்தின் பிறவிக்குணம். நிறம் வந்த அன்றே இனிப்பும் வந்துவிடாது. நிறத்தை ஊக்கி தெளித்து முன்கூட்டியே வரவழைக்கலாம், சர்க்கரையை அப்படி வரவழைக்க முடியாது. கறுப்பாக இருக்கிறதே என்று வாங்கிப் பல் கூசியவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

‘இதையெல்லாம் ஒயினாக்கலாமே’ என்று சொல்வோர் எப்போதும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கலிபோர்னியாவில் குவாடி என்ற ஒயின் ஆலை இதே திராட்சையில் ‘எலிசியம்’ என்ற இனிப்பு ஒயின் செய்கிறது. உணவுக்குப் பின் சிறு கோப்பையில் பருகுவது. பன்னீர் மணம் அங்கேதான் எடுபடும். வறண்ட சிவப்பு ஒயினுக்கு வேண்டிய துவர்ப்போ அடர்நிறமோ எக்டருக்கு 30 டன் காய்க்கும் கொடியில் எங்கிருந்து வரும்? இத்தாலியச் சிவப்பு ஒயினை இந்திய மண்ணில் தேடுவோர் மகாராஷ்டிரத்தின் அக்லூஜுக்குப் போகலாம். அங்கே ஃபிராட்டெல்லி நிறுவனம் ‘சாஞ்சோவேசே’ ரகத்தை வளர்த்து ஒயின் செய்கிறது. வருடத்தில் இருமுறை கவாத்து, ஒருமுறை மட்டும் அறுவடை என்பது அந்தப் பகுதி முறை. கம்பத்துக் கணக்குக்கு நேர் எதிர். தமிழ்நாட்டிலோ மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். மணமும் மென்மையும் மட்டுமே உள்ள ஓர் ஒயின் அந்தக் கம்பிக்கூண்டுக்குள் யாரை நம்பி நிற்கும்?

பந்தலின் குறைகளுக்கெல்லாம் பந்தல்தான் காரணமா என்றால், தென் டிரோலின் கதை இல்லை என்கிறது. ஒருகாலத்தில் அங்கே திராட்சைப் பரப்பில் பாதிக்கும் மேல் ஸ்கியாவா. எடைக்கு விலை, ஆகவே எடைக்கே விவசாயம். நீர்த்த, வெளிறிய, மலிவான ஒயின் லிட்டர் கணக்கில் ஓடியது. சலித்துப்போன சந்தை கைவிட்டது. இன்று அதன் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. எஞ்சியவர்கள் செய்தது எளிய காரியம். பழைய கொடிகளை, பழைய பந்தலிலேயே வைத்துக்கொண்டு விளைச்சலைக் குறைத்தார்கள். போல்ஸானோ நகரை ஒட்டிய சாந்தா மத்தலேனா சரிவில் விளையும் ஸ்கியாவா இன்று மதிக்கப்படுகிறது. லேசான நிறம், ஸ்ட்ராபெர்ரி வாசனை, பாதாம் கசப்பு. சற்றுக் குளிர்ந்த நிலையில் குடிப்பது. அதைக் கனமான ஒயினாக்கப் பாடுபடாமல், மென்மையாகவே விட்டதில்தான் வெற்றி. அந்தப் பக்கத்து மெரானோ நகரம் 19ஆம் நூற்றாண்டில் ‘திராட்சை வைத்தியத்துக்கு’ப் பேர்பெற்றது, உடல்தேற வந்தவர்கள் தின்றதும் இந்தத் திராட்சைதான். தின்னவும் ஆகும் பழம் என்பது அதற்கு இழிவல்ல.

கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி, 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தக் கொடியைக் கொண்டுவந்த கதை நாளிதழ்களில் வந்தது. பாதிரியாரும் கொடியும் சேர்ந்து வருவது நம்பக்கூடியதே. பூசைக்குத் திராட்சை இரசம் தவிர வேறெதுவும் ஆகாது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப் பணி செய்த இத்தாலியர் வீரமாமுனிவருக்கும் கொள்ளிடக்கரையில் அந்தக் கவலை இருந்திருக்கும். ஆனால் ஆண்டுதான் இடிக்கிறது. இங்கிலாந்தின் ரெஸ்ட் பார்க் தோட்டத்தில் ஸ்நோ என்பவர் வளர்த்த இந்த ஒட்டு ரகம் பேர் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பாதிரியார் கொடி வேறாக இருந்து, பிறகு வந்தது அதன் கதையை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும், இனிப்பைக் காக்காது. பழத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொட்டுச் சாற்றில் காட்டும் கையடக்கக் கருவி இருக்கிறது. மொத்த வியாபாரி கொள்முதலில் அதைப் பார்த்து விலை வைத்தால், பந்தலில் கிளையைக் குறைப்பவருக்கும் குலையைக் கிள்ளிவிடுபவருக்கும் கூலி கிடைக்கும். தராசை மட்டும் பார்த்தால், பத்து நாள் பொறுத்து அறுப்பவர் நோய்க்கும் மழைக்கும் பயந்து வட்டி கட்டியவராகத்தான் நிற்பார். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் புது ரகங்களைத் தேடுவது நல்லதே. ஆனால் விலைவைக்கும் முறை மாறாத இடத்தில் புது ரகத்துக்கும் இதே தலையெழுத்துதான்.

வண்டியில் ருசி பார்க்கச் சொன்னால், வியாபாரி குலையின் தோளிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளித் தருவார். அங்கேதான் முதலில் பழுக்கும். நான் அடிநுனிப் பழத்தைக் கேட்பேன். ‘அது வேணாம் சார், அது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்’ என்பார்.