மலைபடுகடாம்: குடும்பத்தோடு ஒரு மலைப்பயணம்

பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்து நீளமான பாட்டு மலைபடுகடாம், 583 அடி. உ.வே.சா. பதிப்பு வந்தது 1889-இல். பாட்டுத் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பாட்டில் வரும் நவிரமலை நம்ம பருவதமலைதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மேடையில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் இத்தனை வகை வாத்தியம், இத்தனை வகை ஓசை என்று எண்ணிக்கை சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

நான் இதை ஒரு குடும்பப் பயணமாகத்தான் வாசிக்கிறேன். கூத்தர் தலைவன் தனியாகப் போகவில்லை. சுற்றம் முழுக்கக் கூடவே நடக்கிறது. கல்லில் நடந்து நடந்து விறலியரின் பாதம் களைத்த நாயின் நாக்கு மாதிரி ஆகிவிட்டது என்கிறார் பெருங்கௌசிகனார். அழகான பாதத்துக்கு உவமை தேடுகிற புலவர் இல்லை இவர்.

பருவம் மழைக்குப் பிந்தியது என்றே படுகிறது. முசுண்டைப்பூ கார்த்திகை மீன்கள் போல வெள்ளையாக விரிந்திருக்கிறது. (கார்த்திகைன்னா தீபம் மட்டும்தான் என்றிருக்கும் எங்க ஊருக்கு இது ஒரு சேதி!) இதே முசுண்டை நெடுநல்வாடையிலும் பூக்கிறது, அது கூதிர்காலப் பாட்டு. எள்ளுக்காய் ஒரு பிடிக்கு ஏழுதான் அடங்குகிறது, அவ்வளவு பருமன். அவரைப்பூ தயிர் சிதறின மாதிரி உதிர்கிறது. வரகுக் கதிர் வாதம் செய்பவன் விரல்போலப் பிரிந்து நிற்கிறது. வயிறு காய்ந்தவன் கண்ணில் படும் வயல் இது. வேடிக்கை பார்க்க வந்தவன் எள்ளுக்காயைப் பிடியில் அளந்து பார்ப்பானா?

பாட்டின் உயிர் எனக்கு இரண்டு இடங்களில் இருக்கிறது. வழுக்கும் காட்டாற்று வழியில், பருத்த கொடிகளைப் பற்றிக்கொண்டு, செம்மறி மாதிரி பரட்டைத்தலைப் பிள்ளைகளோடு ஒவ்வொருவராகப் பார்த்துப் போங்க என்று வழி சொல்கிறவன் எச்சரிக்கிறான். ஏறக்குறைய நூறு அடி தள்ளி மலையின் ஓசைகள் வருகின்றன. அவற்றில் ஒன்று மந்தியின் அலறல். பிடியை மறந்துவிட்டது, குட்டி பிளவுக்குள் விழுந்துவிட்டது, கூட்டமே கூடி ஓலமிடுகிறது. புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆறுவதற்காகக் குறத்திகள் பாடும் பாட்டும் அங்கேதான் கேட்கிறது. இவற்றையெல்லாம் "இயற்கை வருணனை" என்று ஒரு தலைப்பில் போட்டு மூடும் பாடநூல்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. முன்னால் சொன்ன எச்சரிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதைத்தான் புலவர் குரங்கை வைத்துக் காட்டுகிறார். மனிதக் குழந்தையைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை போல.

ராத்திரி குகைக்குள் உங்க வீடு மாதிரி தயங்காமல் நுழையுங்க என்கிற இடமும் இதே கனிவுதான்.

அரண்மனை வாசலுக்கு வந்ததும் பாட்டு தொய்கிறது. கரடிக்குட்டி உட்பட முற்றத்தில் குவிந்திருக்கும் மலைப்பொருள்களை அடுக்கிக்கொண்டே போகிறார். நன்னன் பரிசு தருகிறான், சரி. ஆனா அந்தப் பிள்ளைகள் கரை தாண்டினார்களா என்பதிலேயே என் மனசு நிற்கிறது. புலவர் அதற்குப் பிறகு அவர்களைத் தனியாகப் பேசவே இல்லை.