கல்லுக்குள் கரி: ராமன் ஒளியின் நுண்கலை

திருமலையில் சிலாதோரணமாக வளைந்து நிற்கும் குவார்ட்சைட், பழங்கால மணல் இறுகி உருவான பாறையாதலால் கரிமப் பொருள் அதில் தங்குவது அரிது. ஆனால் அப்பாறையும் அடங்கும் கடப்பைப் படுகையிலேயே, வடக்கே உள்ள வேம்பள்ளிப் பாறைத்தொகுதியில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக எழுப்பிய ஸ்ட்ரோமட்டோலைட் எனும் படிவுகள் 188 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவையாக இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து நுண்புதைபடிவங்களை ஆய்வாளர்கள் ஷாப்ஃபும் பிரசாதும் 1978இல் விவரித்தனர்.

இத்தகைய கல்லில் கரியாக எஞ்சிய கரிமப் பொருளைப் பிரித்தெடுக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கல்லைக் கரைப்பது பழைய வழி. கரி கைக்கு வரும், ஆனால் அது எந்த அடுக்கில், எந்தக் கனிமத்தை ஒட்டி இருந்தது என்ற செய்தி கல்லோடு அழிந்துவிடும். இந்த இழப்பைத் தவிர்ப்பதே ராமன் நிறமாலையியலின் பெருமை. சி. வி. ராமன் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்ட விளைவின்படி, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அப்பொருளின் மூலக்கூறு அதிர்வுக்கேற்ப நிறம் மாறி வெளிவருகிறது.

நுண்ணோக்கியின் வழியே லேசரை ஒரு மைக்ரான் அளவுள்ள புள்ளியில் குவித்தால், குவார்ட்ஸ் 464 செ.மீ.⁻¹ என்ற அலைஎண்ணில் கூர்மையான முகடாக எழுகிறது; கரியோ 1350ஐ ஒட்டி ஒன்றும் 1600ஐ ஒட்டி ஒன்றுமாக இரு அகன்ற முகடுகளைக் காட்டுகிறது. பாறை புதைந்து சூடேறச் சூடேறக் கரியின் அணுக்கள் ஒழுங்குபெற்று கிராஃபைட்டை நெருங்குவதால், முதல் முகடு தேய, இரண்டாவது ஒடுங்கிக் கூர்மையடைகிறது. இவ்விரு முகடுகளின் விகிதத்தைக் கொண்டே பாறை பட்ட வெப்பத்தை மதிப்பிட முடிகிறது.

தேர்ந்த கையின் அருமை அடக்கத்தில்தான் விளங்கும். ஒளியின் திறனைக் கூட்டினால் கரி சூடேறித் தன் இயல்பை இழக்கும். மெருகேற்றிய பரப்பில் அளந்தால், தேய்ப்பால் குலைந்த அணு அடுக்கே பதிவாகும். ஆகவே தேர்ந்தவர்கள் திறனைக் குறைத்து, நேரத்தை நீட்டி, ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் மணிக்குச் சில மைக்ரான் அடியில், உராய்வு தீண்டாத கரியைத் தேடிக் குவிக்கின்றனர்.

கரி உண்டு என்று இம்முறை உறுதிசெய்யும். அது உயிரின் எச்சம்தான் என்று தனியே நிறுவாது என்பதை, ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் செர்ட் என்ற பழம்பாறையிலுள்ள கரி வடிவங்கள் உயிரின் எச்சமா என்று 2002இல் எழுந்த விவாதம் தெளிவாக்கியது. பாறையின் அமைப்பு, வடிவம், ஐசோடோப்பு ஆகியவற்றின் சான்றும் அதற்கு வேண்டும். கல் சிதையாமல் எஞ்சுவதால் அச்சான்றுகளையும் அதே புள்ளியில் தேட முடிகிறது. தன் விடையைப் பிறர் சரிபார்க்க இடம்விட்டு நிற்பதே இக்கலையின் உயர்ந்த பண்பு.